சிறைக்குள் மின்வழிக் கல்வியும் டிஜிட்டல் பயிற்சியும்: கணினி வாங்குவதற்கு முன்பிருந்து விடுதலை நாள் வரை ஒரு முழுமையான வழிகாட்டி

பன்னிரண்டு ஆண்டுத் தண்டனை முடிந்து ஒருவர் சிறை வாசலுக்கு வெளியே வருகிறார். உள்ளே போனபோது அவர் பையில் இருந்தது பட்டன் போன். இப்போது தம்பி மகன் நீட்டுவது வெறும் கண்ணாடிப் பலகை மாதிரி இருக்கிறது. முதல் வாரத்திலேயே அவருக்கு ஒரு போன் எண் வேண்டும். அந்த எண்ணை வைத்து மின்னஞ்சல், மின்னஞ்சலை வைத்து வேலை விண்ணப்பம், சம்பளம் வந்து விழ வங்கிக் கணக்கு என்று ஒன்று இன்னொன்றைக் கேட்டுக்கொண்டே போகும். நடுவில் ஆறு இலக்க ஓடிபி ஒன்று வரும். அவர் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொள்வதற்குள் அது காலாவதியாகிவிடும்.

சிறையில் டிஜிட்டல் பயிற்சி தொடங்க நினைப்பவர்கள் இந்த ஒரு வாரத்தை எழுதி மேஜைமேல் ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள். எந்தக் கருவி, எந்த மென்பொருள், எந்தப் பாடம் என்று குழப்பம் வரும்போதெல்லாம் அதைப் பார்த்தால் பாதிக் குழப்பம் தீரும். சிறை அதிகாரிகள், உள்ளே பாடம் எடுக்கும் ஆசிரியர்கள், தன்னார்வ அமைப்புகள் என மூன்று தரப்பையும் மனதில் வைத்தே இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு கணக்கு. சிறைக் கல்வியால் பயன் உண்டா என்று கேட்டால் எல்லோரும் காட்டுவது அமெரிக்காவின் ராண்ட் நிறுவனம் 2013-இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பை. உள்ளே படித்தவர்கள் திரும்பச் சிறைக்கு வரும் சாத்திய விகிதம் (திரும்பி வருபவர்களுக்கும் வராதவர்களுக்கும் உள்ள விகிதம்), படிக்காதவர்களைவிட 43 சதவீதம் குறைவு என்று அது சொல்கிறது. இதை மேடையில் பேசுபவர்கள் “நூற்றுக்கு 43 பேர் திருந்தினார்கள்” என்று மாற்றிவிடுகிறார்கள். அது தவறு. நேரடி எண்ணிக்கையில் பார்த்தால் வித்தியாசம் சுமார் 13 சதவீதப் புள்ளிகள். அதுவே பெரிய விஷயம்தான், ஊதிக் காட்ட வேண்டியதில்லை. அதே ஆய்வில் நமக்கு இன்னும் நெருக்கமான ஒரு பகுதி உண்டு. கணினி வழியாகப் படித்தவர்களையும் ஆசிரியர் நேரில் நடத்தியவர்களையும் ஒப்பிட்டபோது கணினிக் குழு கணக்கிலும் வாசிப்பிலும் கொஞ்சம் முன்னால் இருந்தது, ஆனால் அந்த வித்தியாசம் புள்ளியியல் ரீதியாக உறுதி என்று சொல்லும் அளவுக்கு இல்லை. அதாவது கணினி ஆசிரியரைவிட மோசமில்லை, மந்திரக்கோலும் இல்லை. திட்ட அறிக்கை எழுதும்போது இந்த நிதானம் இருக்கட்டும்.

படி 1: ஒரு நாள் முழுக்க உள்ளே நடந்து பாருங்கள்

பணம் ஒதுக்கியாகிவிட்டது, இருபது கணினிக்கு விலைப்புள்ளி வாங்கலாம் என்று கிளம்பும் இடத்தில்தான் பல திட்டங்கள் சரிகின்றன. அதற்கு முன் காலையில் அறைகள் திறப்பதிலிருந்து மாலை பூட்டும்வரை ஒரு நாள் உள்ளே இருங்கள். கையில் நோட்டும் கடிகாரமும் போதும்.

கால அட்டவணையில் “வகுப்பு 10 முதல் 12 வரை” என்று இருக்கும். நடப்பது வேறு. தலை எண்ணிக்கை பத்து நிமிடம் தாமதம். தொகுதியிலிருந்து வகுப்பறைக்கு அழைத்து வரக் காவலர் வேண்டும், அவர் மருத்துவமனைக்கு யாரையோ கூட்டிப் போயிருக்கிறார். 10.25-க்கு ஒன்பது பேர் வந்து சேர்கிறார்கள். 11-க்கு இருவரை மனு போட்டுப் பார்க்க வீட்டார் வந்திருக்கிறார்கள். 11.35-க்குச் சாப்பாட்டுக்கு வரிசை. ஆக, இரண்டு மணி நேர வகுப்பில் கைக்குக் கிடைப்பது எழுபது நிமிடம், அதுவும் இடைவெளிகளோடு.

இந்த எழுபதுதான் உங்கள் பாடத்தின் அளவு. ஒவ்வொரு பாடமும் பன்னிரண்டு, பதினைந்து நிமிடத்தில் முடிய வேண்டும். நடுவில் எழுந்து போனால், திரும்பி வரும்போது விட்ட இடத்திலிருந்து தொடர முடிய வேண்டும். நாற்பது நிமிட வீடியோ உள்ளே வேலைக்கு ஆகாது.

இன்னொன்றையும் அன்றே விசாரியுங்கள்: ஒருவர் சராசரியாக எத்தனை நாள் இங்கே இருக்கிறார்? விசாரணைக் கைதிகள் நாளைக்கே ஜாமீனில் போகலாம், தண்டனைக் கைதிகள் திடீரென்று வேறு சிறைக்கு மாற்றப்படலாம். மூன்று வாரம் இருப்பவருக்கும் ஏழு ஆண்டு இருப்பவருக்கும் ஒரே பாடத்திட்டம் சரிவராது. குறுகிய காலத்தவருக்குத் தனித்தனியாக முடியும் சிறு அலகுகள் வைக்கலாம், நீண்ட காலத்தவருக்குச் சான்றிதழ் வரை போகும் தொடர் பாடம். மாற்றலில் போனால் படித்த பதிவும் கூடப் போக வேண்டும். இல்லாவிட்டால் புதிய சிறையில் அதே “மவுஸ் என்றால் என்ன” பாடத்தில் நான்காவது முறையாக உட்கார வைப்பார்கள். அதற்கு அவர் வராமலே இருந்துவிடுவார்.

படி 2: பாதுகாப்பு அதிகாரியை முதல் நாளே மேஜைக்கு அழையுங்கள்

கல்விப் பிரிவு திட்டத்தை முழுசாகப் போட்டு முடித்துவிட்டு, கடைசியில் பாதுகாப்புப் பிரிவிடம் கையெழுத்துக்குக் கொண்டு போகும். அவர்கள் மறுப்பார்கள். மறுப்பதற்குக் காரணமும் இருக்கிறது.

அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் மேரியன் சிறையில் 2015-இல் நடந்ததைப் பாருங்கள். பழைய கணினிகளைப் பிரித்தெடுக்கும் மறுசுழற்சி வேலை அங்கே நடந்துவந்தது. அதிலிருந்து எடுத்த பாகங்களை வைத்துக் கைதிகள் இரண்டு கணினிகளைச் சேர்த்து, பயிற்சி அறையின் கூரைக்குமேல் ஒட்டுப்பலகையில் ஒளித்து வைத்து, சிறையின் நெட்வொர்க்கிலேயே இணைத்துவிட்டார்கள். உள்ளே நுழைய ஓர் ஊழியரின் பாஸ்வேர்டு பயன்பட்டது. அவர் பணிக்கு வராத நாளிலும் அவர் பெயரில் இணையப் பயன்பாடு எகிறியதால்தான் குட்டு வெளிப்பட்டது. 2018-இல் ஐடஹோ மாநிலத்தில் டேப்லெட் மென்பொருளின் ஓட்டை ஒன்றைக் கண்டுபிடித்த 364 கைதிகள் தங்கள் கணக்குகளில் மொத்தம் சுமார் 2,25,000 டாலர் ஏற்றிக்கொண்டார்கள்.

இரண்டையும் படித்தால் எனக்குத் தோன்றுவது ஒன்றுதான்: அங்கே திறமைக்குப் பஞ்சமில்லை. கோளாறு வேறிடத்தில். எண்ணப்படாத பாகங்கள், அடுத்தவர் கைக்குப் போன பாஸ்வேர்டு, சோதிக்கப்படாத மென்பொருள். மூன்றும் நிர்வாகம் அடைக்க வேண்டிய ஓட்டைகள். பாதுகாப்பு அதிகாரியோடு உட்கார்ந்து பேசும்போது “அப்படியெல்லாம் நடக்காது” என்று சொல்லாதீர்கள். “இது நடந்திருக்கிறது, நம்மிடம் நடக்காமல் இருக்க இதைச் செய்கிறோம்” என்று ஒரு பக்கத் தாளை நீட்டுங்கள். என்ன கெடலாம், எப்படித் தெரியவரும், தெரிந்தால் யார் எந்தச் சுவிட்சை அணைப்பார் என்ற மூன்று பத்தி அதில் போதும்.

மேலிடத்தில் “கைதிக்கு எதற்குக் கணினி” என்ற கேள்வி வந்தால், சிறைவாசிகளை நடத்தும் முறை பற்றி 2015-இல் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற நெல்சன் மண்டேலா விதிகளில் 104-ஆம் விதியைக் காட்டுங்கள். கற்கும் திறனுள்ள எல்லாச் சிறைவாசிகளுக்கும் கல்வி தர வேண்டும், அது இயன்றவரை நாட்டின் பொதுக் கல்வி முறையோடு பிணைந்திருக்க வேண்டும், விடுதலைக்குப் பின் தடையின்றித் தொடர முடிய வேண்டும் என்பது அதன் சாரம். இன்றைய தேதியில் கணினி இல்லாமல் தொடரக்கூடிய கல்வி எது என்று நீங்கள் திருப்பிக் கேட்கலாம்.

படி 3: யார் வந்து உட்காரப் போகிறார்கள்?

நுழைவுத் தேர்வு என்று பேர் வைத்தால் பாதிப்பேர் அன்றைக்கே தலைவலி என்று வரமாட்டார்கள். பள்ளிக்கூடம் அவர்களில் பலருக்குத் தோல்வியின் நினைவு. தேர்வு என்றே சொல்லாமல் ஒவ்வொருவரோடும் தனியாகப் பத்து நிமிடம் உட்காருங்கள். ஒரு கணினியை முன்னால் வைத்து, “உங்கள் பெயரை இதில் அடியுங்கள், அதைச் சேமியுங்கள், மூடுங்கள், மறுபடி திறந்து காட்டுங்கள்” என்று சொல்லுங்கள். எந்த இடத்தில் கை நிற்கிறதோ அதுதான் அவரது பாடத்தின் தொடக்கம்.

இந்தப் பத்து நிமிடத்தில் வேறு இரண்டு விஷயங்களும் கண்ணில் படும். ஒன்று, படிக்கத் தெரியாததை மறைக்கும் சாமர்த்தியம். “கண்ணாடியை அறையிலேயே விட்டுட்டேன் சார்” என்பார். சிலருக்கு அது உண்மை, சிலருக்கு அது பதினைந்து வருடப் பழக்கம். இரண்டாவது, கண்ணாடியே இல்லாதவர்கள். நாற்பது வயது தாண்டியவருக்குத் திரை எழுத்து மங்கலாகத் தெரிவது சாதாரணம். உங்கள் பட்ஜெட்டில் வாசிப்புக் கண்ணாடிக்கு ஒரு வரி ஒதுக்குங்கள். ஒரு கணினிக்கு ஆகும் செலவில் ஒரு வகுப்புக்கே கண்ணாடி வாங்கிவிடலாம், பலன் அன்றைக்கே தெரியும்.

எழுத்து தெரியாதவரைத் திரும்பி அனுப்பாதீர்கள். ஒலியோடு வரும் பாடங்களும் படத்தைத் தொட்டு விடை சொல்லும் பயிற்சிகளும் எழுத்தறிவுக்கே ஏற்றவை. இயந்திரத்துக்கு முன்னால் தப்பாகப் படித்தால் பக்கத்தில் இருப்பவர் சிரிக்க மாட்டார், அதனால் பெரியவர்கள் கூச்சமின்றித் திரும்பத் திரும்பப் படிப்பார்கள்.

இணையக் குற்றத்துக்காக வந்தவர்கள், குழந்தைகளுக்கு எதிரான குற்றத்தில் தண்டனை பெற்றவர்கள், யாரையும் தொடர்புகொள்ளக் கூடாது என்று நீதிமன்ற உத்தரவு உள்ளவர்கள் ஆகியோரின் பெயர்கள் பாதுகாப்புப் பிரிவிடமிருந்து முன்கூட்டியே வர வேண்டும். இவர்களைக் கல்வியிலிருந்து ஒதுக்குவதற்காக அல்ல. எந்தக் கருவியில், யார் கண் பார்வையில் அமர்த்துவது என்று முடிவுசெய்ய.

படி 4: இணைய இணைப்பு – எவ்வளவு, எப்படி?

உலகில் இப்போது நடைமுறையில் இருப்பவற்றை மூன்று வகையாகப் பார்க்கலாம்.

முதல் வகை, வெளி இணைப்பே இல்லாதது. ஓர் அறையில் சிறிய சர்வர், அதோடு கம்பியில் இணைந்த பத்துப் பதினைந்து கணினிகள். பாடங்கள் முழுவதும் அந்தச் சர்வருக்குள்ளேயே. ஆஸ்திரேலியாவின் சதர்ன் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகம் மூடுல் கற்றல் தளத்தை இணையமே இல்லாமல் ஓடும்படி மாற்றியமைத்துச் சிறைகளுக்குக் கொண்டு சென்றது இந்த வழியில்தான்.

இரண்டாவது, மூடிய நெட்வொர்க். ஒரு மையத்திலிருந்து பல சிறைகளுக்குப் பாதுகாப்பான இணைப்பு, அனுமதித்த பக்கங்கள் மட்டும். இங்கிலாந்து, வேல்ஸ் சிறைகளின் விர்ச்சுவல் கேம்பஸ், ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் பயன்படும் எலிஸ் தளம் ஆகியவை இதில் சேரும். நார்வேயிலும் வடிகட்டிய இணையத்தைக் கல்விக்காகத் தருகிறார்கள்.

மூன்றாவது, அறைக்குள்ளேயே கருவி. பெல்ஜியத்தின் பெவரன் சிறையில் 2014-இல் பிரிசன்கிளவுட் என்ற அமைப்பு வந்தது. பின்லாந்தின் ஹமீன்லின்னா பெண்கள் சிறையில் ஒவ்வோர் அறையிலும் ஒரு கணினி உண்டு. கதவு பூட்டியபின் கிடைக்கும் நீண்ட மாலைப்பொழுது படிப்புக்குக் கிடைப்பதுதான் இதன் பெரிய லாபம்.

புதிதாகத் தொடங்குபவர்களுக்கு என் யோசனை முதல் வகைதான். ஆறு மாதம் ஒரு சிக்கலும் இல்லாமல் ஓட்டிக் காட்டினால், இரண்டாம் வகைக்கு நிர்வாகமே கேட்டு வரும். நேர்மாறாகப் போனவர்கள் ஒரே ஒரு சம்பவத்தில் எல்லாவற்றையும் இழந்து நிற்பார்கள்.

ஆஃப்லைன் சர்வருக்கு விலையில்லா மென்பொருள்கள் தாராளம். கோலிப்ரி இணையமில்லாத இடங்களுக்காகவே உருவானது. கான் அகாடமியின் வீடியோக்களையும் பயிற்சிகளையும் அதில் இறக்கிக்கொள்ளலாம், யார் எதில் தடுமாறுகிறார் என்று ஆசிரியருக்கும் காட்டும். விக்கிப்பீடியா முழுவதையும் ஒரே கோப்பாக வைத்துப் படிக்கக் கிவிக்ஸ். சொந்தமாகப் பாடம் தயாரிப்பவர்களுக்கு மூடுல். இவற்றை ஒரு சாதாரணக் கணினியிலேயே நிறுவலாம்.

நிறுவியபின் செய்ய வேண்டிய சில வேலைகள் உண்டு, இவற்றைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். பாடங்களுக்குள் இருக்கும் வெளி இணைப்புகளைத் தேடி நீக்குங்கள். இல்லையென்றால் ஒருவர் அழுத்துவார், பிழைச் செய்தி வரும், கண்காணிப்புப் பதிவில் “வெளியே போக முயன்றார்” என்று விழும், அப்பாவி மாட்டுவார். யூடியூபிலிருந்து ஓடும்படி ஒட்டப்பட்ட வீடியோக்கள் உள்ளே கறுப்புக் கட்டமாகத் தெரியும், எனவே உரிமம் பார்த்து, தரவிறக்கி வையுங்கள். எழுத்துருவையும் சர்வரிலேயே வையுங்கள், இணையத்திலிருந்து வரும் எழுத்துரு வராமல் போனால் திரை முழுக்கச் சதுரங்களாகிவிடும். புதுப்பித்தலை ஒரே ஓர் ஊழியர், மறைகுறியாக்கிய (பாஸ்வேர்டு இல்லாமல் படிக்க முடியாத) ஒரே ஒரு டிரைவில், பதிவேட்டில் இரண்டு கையெழுத்தோடு செய்யட்டும்.

இரண்டாம் வகைக்குப் போனால் ஒரு பொறி காத்திருக்கிறது. “இந்த ஐந்து தளம் மட்டும்” என்று அனுமதிப்பது கேட்க எளிது. ஆனால் இன்றைய ஒரு பக்கம் படத்தை ஓரிடத்திலிருந்தும், வீடியோவை வேறிடத்திலிருந்தும், உள்நுழைவை மூன்றாவது இடத்திலிருந்தும் கொண்டுவரும். ஐந்தை அனுமதித்தால் பாதிப் பக்கம் உடைந்து தெரியும், எல்லாம் தெரிய வேண்டுமென்றால் ஐம்பதைத் திறக்க வேண்டியிருக்கும். அனுமதித்த தளத்துக்குள்ளேயே அரட்டைப் பெட்டி, விவாதப் பகுதி, செய்தி அனுப்பும் வசதி இருந்தால் அதுவும் ஒரு கதவுதான். அதனால் தள முகவரியை மட்டும் பார்த்து ஒப்புதல் தராமல் ஒருவர் உட்கார்ந்து ஒவ்வொரு பொத்தானையும் அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் பட்டியலில் சேர்க்க வேண்டும். தளங்கள் மாறிக்கொண்டே இருப்பதால் இதை மாதம் ஒருமுறையாவது திரும்பச் செய்ய வேண்டும்.

படி 5: கருவிகள்

வகுப்பறைக்கு மேசைக் கணினி, அறைக்கு டேப்லெட் அல்லது லேப்டாப். தட்டச்சு, ஆவணம், விண்ணப்பம் என்று போகும் பயிற்சிக்குக் கீபோர்டு கட்டாயம். டேப்லெட்டில் மட்டும் பழகியவர் அலுவலகக் கணினி முன்னால் திணறுவார்.

வைஃபை, புளூடூத் இரண்டையும் அமைப்பில் அணைத்தால் போதாது, முடிந்தால் அந்தப் பாகத்தையே கழற்றிவிட்ட கருவி வாங்குங்கள். கேமராவும் அப்படியே. யுஎஸ்பி துளைகளை அடைத்து, திருகுகள்மேல் முத்திரை ஒட்டி, எண் போட்டு, வகுப்பு முடிந்ததும் தலை எண்ணிக்கை மாதிரியே கருவி எண்ணிக்கையும் எடுங்கள். மவுஸ், ஹெட்போன் எல்லாம் சேர்த்துத்தான். ஹெட்போன் வயர் குட்டையாக இருக்கட்டும், அறைக்குள் அனுப்பும்போது தற்கொலை ஆபத்துள்ளவர்கள் விஷயத்தில் மருத்துவரிடம் கேளுங்கள்.

காசு விஷயம் ஒன்று சொல்லியாக வேண்டும். “டேப்லெட் இலவசம்” என்று வரும் நிறுவனங்களின் ஒப்பந்தத்தைக் கடைசிப் பக்கம் வரை படியுங்கள். அமெரிக்காவின் மேற்கு வெர்ஜீனியா சிறைகளில் இலவச டேப்லெட்டில் படிப்பதற்கு நிமிடக் கணக்கில் கட்டணம் வைத்திருந்த விவகாரம் 2019-இல் வெளிவந்தது. படிக்கக் கொடுத்தவை, பதிப்புரிமை முடிந்து வெளியே யார் வேண்டுமானாலும் சும்மா இறக்கிப் படிக்கக்கூடிய நூல்கள். மெதுவாக வாசிப்பவருக்குக் கூடுதல் பில்! கல்விப் பாடங்களுக்குச் சிறைவாசியிடமோ குடும்பத்திடமோ எந்தக் கட்டணமும் கூடாது, ஒப்பந்தம் முடிந்தால் கற்றல் பதிவுகள் சிறைக்கே சொந்தம் என்ற இரண்டு வரி இல்லாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

படி 6: என்ன சொல்லிக்கொடுப்பது?

கணினியை எப்படி இயக்குவது என்று தொடங்குவதுதான் வழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை. முதல் பாடம், செய்ததைத் திரும்பப் பெறுவது எப்படி என்பதாக இருக்க வேண்டும்.

நான் பார்த்த ஒரு வகுப்பு இப்படி. ஐம்பது வயதுக்காரர் ஒருவர் அரை மணி நேரமாக மவுஸ்மேல் கையை வைத்தபடியே இருந்தார், அழுத்தவில்லை. “என்ன அண்ணே?” என்று பக்கத்து இளைஞன் கேட்டதற்கு, “ஏதாவது அழிஞ்சுபோச்சுன்னா எழுதிப் போட்டுடுவாங்கப்பா” என்றார். உள்ளே எந்தத் தவறும் பதிவேட்டில் ஏறும், பதிவேட்டில் ஏறினால் சலுகை போகும். அந்தக் கணக்கு அவருடைய விரலை நிறுத்தியிருந்தது. ஆசிரியர் அவரை ஒரு பத்தி அடிக்கச் சொன்னார், முழுவதையும் அழிக்கச் சொன்னார், அப்புறம் கன்ட்ரோலையும் இசட்டையும் சேர்த்து அழுத்தச் சொன்னார். அழிந்தது திரும்பி வந்தது. அவர் அதையே ஏழெட்டு முறை செய்து பார்த்தார். அன்றைக்கு வேறு எதையும் அவர் கற்கவில்லை, கற்கத் தேவையும் இருக்கவில்லை. அடுத்த வகுப்பில் அழுத்தத் தொடங்கிவிட்டார்.

அதற்குப் பிறகு வரிசை இப்படிப் போகலாம்: மவுஸ், தட்டச்சு, கோப்பைச் சேமித்தல், தேடுதல், பாஸ்வேர்டு, மின்னஞ்சல், படிவம் நிரப்புதல், மோசடியை அடையாளம் காணுதல், வேலை தேடுதல். விரிவான வரைபடம் வேண்டுமென்றால் ஐரோப்பிய ஒன்றியத்தின் டிக்காம்ப் சட்டகத்தைப் பாருங்கள். தகவலைத் தேடி எடைபோடுவது, தொடர்பாடல், உள்ளடக்கம் உருவாக்குவது, பாதுகாப்பு, சிக்கல் தீர்ப்பது என ஐந்து பகுதிகளில் 21 திறன்களை அது பிரித்துக் காட்டுகிறது. எதை விட்டுவிட்டோம் என்று சரிபார்க்க நல்லது. அப்படியே பாடமாக்கினால் தூக்கம் வரும்.

சரி, இணையமே இல்லாத அறையில் இணையத்தை எப்படிக் கற்பிப்பது? பொம்மை இணையம் ஒன்றைக் கட்டுங்கள். ஆஃப்லைன் சர்வரிலேயே போலியாக ஒரு வேலைவாய்ப்புத் தளம், ஒரு வங்கி, ஒரு பயணச்சீட்டுப் பக்கம், ஒரு மின்னஞ்சல் பெட்டி. இணையப் பக்கம் வடிவமைக்கத் தெரிந்த தன்னார்வலர் ஒருவர் இருந்தால் போதும். வேலை விண்ணப்பத்தை நிரப்பினால் மின்னஞ்சல் பெட்டிக்கு உறுதிச் செய்தி வர வேண்டும். வங்கிப் பக்கத்தில் நுழைந்தால் திரையின் ஓரத்தில் வரைந்த போனில் ஓடிபி வர வேண்டும், ஒரு நிமிடத்தில் காலாவதியாக வேண்டும். பாஸ்வேர்டை மறந்து, “மறந்துவிட்டேன்” என்பதை அழுத்தி மீட்டெடுக்கும் பயிற்சி தனியாக. வெளியே போனதும் முதலில் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் இங்கேதான்.

அந்தப் பொம்மை மின்னஞ்சல் பெட்டிக்குள் வாரம் இரண்டு மோசடிக் கடிதங்களையும் போட்டு வையுங்கள். “உங்கள் கணக்கு முடக்கப்பட்டது, உடனே இங்கே அழுத்துங்கள்”, “வேலை உறுதி, பதிவுக் கட்டணம் மட்டும் அனுப்புங்கள்” என்ற ரகம். வேலை கிடைக்காமல் தவிக்கும் ஒருவருக்கு இரண்டாவது வகை எவ்வளவு ஆபத்தானது என்று சொல்லத் தேவையில்லை. மாட்டிக்கொண்டவர்களைத் திட்டாமல், எந்த வார்த்தையில் விழுந்தீர்கள் என்று வகுப்பில் சேர்ந்து பிரித்துப் பாருங்கள். ஏமாற்று வேலை எப்படி நடக்கும் என்று வகுப்பிலேயே சிலருக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும்; அவர்கள் பேசினால் பாடம் சூடு பிடிக்கும்.

அடிப்படையைத் தாண்டியவர்களுக்கு ஆவணம், கணக்குத் தாள், வடிவமைப்பு, கோடிங் (நிரல் எழுதுதல்). இணையமில்லாமல் கோடிங் கற்பிக்க முடியுமா என்று சந்தேகப்படுபவர்களுக்கு ஓர் உதாரணம்: கலிபோர்னியாவின் சான் குவென்டின் சிறையில் 2010-இல் தொடங்கிய தி லாஸ்ட் மைல் அமைப்பு, 2014-இல் அங்கே கோடிங் வகுப்பை ஆரம்பித்தது. மாணவர்கள் இணையத்தைத் தொடாமலே, அதைப் போலச் செய்த சூழலில் இணையப் பக்கங்கள் எழுதக் கற்றார்கள். ஆனால் எல்லோரையும் கோடிங்குக்குத் தள்ளாதீர்கள். பத்துப் பேரில் ஒருவர் அதில் ஒளிர்வார். மற்றவர்களுக்குப் பொருள் இருப்புக் கணக்கு வைப்பது, ரசீது போடுவது, ஓட்டுநர் செயலியில் வரைபடம் பார்த்துப் போவது போன்றவை சீக்கிரம் சோறு போடும்.

தண்டனை பெற்றவர்களைச் சட்டம் அனுமதிக்காத தொழில்கள் சில உண்டு. எந்தப் பயிற்சியையும் தொடங்கும் முன் அந்தப் பட்டியலைப் பாருங்கள். ஒன்பது மாதம் படிக்க வைத்துவிட்டு, “இந்தச் சான்றிதழோடு இந்த வேலைக்கு உங்களை எடுக்க முடியாது” என்று வெளியே யாரோ சொல்லக் கேட்பது கொடுமை.

படி 7: வகுப்பை நடத்துவது

ஆளில்லாத அறையில் கணினியை வைத்துவிட்டு “தாங்களே படித்துக்கொள்வார்கள்” என்று விட்டால் இரண்டு மாதத்தில் அது விளையாட்டுக் கூடமாகும், மூன்றாம் மாதம் பூட்டுப் போடுவார்கள். ஆசிரியர் ஒருவர், உதவிக்குச் சக சிறைவாசிகள் இருவர் மூவர் என்பதே நடைமுறைக்கு ஒத்துவருவது. சிறைவாசிகளே சக சிறைவாசிகளுக்கு எழுத்துக் கற்பிக்கும் முறையை இங்கிலாந்தில் ஷானன் டிரஸ்ட் வெகுகாலமாக நடத்துகிறது. டிஜிட்டல் வகுப்புக்கும் அது பொருந்தும்.

உதவியாளராக வகுப்பிலேயே கெட்டிக்காரரை எடுக்காதீர்கள். கெட்டிக்காரர் மவுஸைப் பிடுங்கித் தானே செய்து கொடுத்துவிடுவார். நேற்றுத்தான் கற்றுக்கொண்டவர், தடுமாறிய இடம் நினைவிருப்பதால், பொறுமையாகச் சொல்வார். “அடுத்தவர் மவுஸைத் தொடக் கூடாது, வாயால் மட்டும் சொல்ல வேண்டும்” என்ற ஒரு விதியைக் கறாராக வையுங்கள். இன்னொரு விதி: உதவியாளரிடம் யாருடைய பாஸ்வேர்டும் இருக்கக் கூடாது. உள்ளே தகவல் ஒரு நாணயம். அதைக் கையில் வைத்திருப்பவருக்கு அதிகாரம் வந்துவிடும்.

காவலர்களுக்கும் ஓர் இருக்கை போடுங்கள். “எங்களுக்கே கணினி சொல்லித்தரலை, இவங்களுக்கா” என்ற முணுமுணுப்பு எல்லா இடத்திலும் உண்டு, அது நியாயமும்கூட. அதே பாடங்களை அவர்கள் பணி நேரத்துக்கு வெளியே படிக்க வழி செய்தால், வகுப்புக்கு ஆள் கூட்டி வருவதில் இருந்த தாமதம் ஆச்சரியமாகக் குறையும்.

படி 8: கண்காணிப்பும் கணக்கும்

எல்லாம் பதிவாகிறது என்பதை முதல் நாளே, எல்லோருக்கும் புரியும் மொழியில் சொல்லிவிடுங்கள். எதைச் செய்தால் என்ன நடவடிக்கை என்றும் சுவரில் எழுதுங்கள். ஒருவர் விதி மீறினால் அவரை நிறுத்துங்கள், வகுப்பையே நிறுத்தாதீர்கள். படிப்பில் அவர் எழுதிய கட்டுரை, மதிப்பெண் இவற்றை ஒழுங்கு விசாரணைக்கு இழுக்கக் கூடாது; இழுத்தால் அதன்பிறகு ஒருவரும் மனம் திறந்து எழுத மாட்டார்கள்.

பயனை அளக்கும்போது உள்நுழைந்த மணி நேரத்தை எண்ணாதீர்கள். குளிர்ந்த அறையில் சும்மா உட்காரவும் ஆள் வருவார்கள். தனியாக, உதவியின்றி எதைச் செய்ய முடிகிறது என்று பாருங்கள்: புதிய பாஸ்வேர்டு அமைப்பது, இணைப்போடு மின்னஞ்சல் அனுப்புவது, படிவத்தை நிரப்பி அனுப்புவது. முதல் நாளின் அந்தப் பத்து நிமிடப் பயிற்சியையே மூன்று மாதம் கழித்துத் திரும்பச் செய்யச் சொன்னால் வித்தியாசம் கண்முன் தெரியும். வெளியே போனவர்களில் எத்தனை பேர் திரும்பி வரவில்லை என்று கணக்கெடுத்தால், வகுப்புக்கு வந்தவர்கள் தாங்களாகவே முன்வந்தவர்கள் என்பதை மறக்காதீர்கள். அவர்கள் வகுப்பே இல்லாவிட்டாலும் கொஞ்சம் முனைப்பானவர்களாகவே இருந்திருப்பார்கள்.

படி 9: விடுதலைக்கு முந்தைய ஆறு வாரம்

இந்த ஆறு வாரத்தில் புதிய பாடம் எதுவும் வேண்டாம். மேஜைமேல் ஒட்டி வைத்தீர்களே அந்த முதல் வாரம், அதை ஒத்திகை பாருங்கள். பொம்மைப் போனில் ஆரம்பித்து, ஒரே அமர்வில் மின்னஞ்சல், விண்ணப்பம், வங்கி என்று முழுச் சங்கிலியும். விதிகள் இடம் கொடுத்தால், ஊழியர் பக்கத்தில் இருக்க, உண்மையான மின்னஞ்சல் கணக்கையே உள்ளிருக்கும்போதே திறந்து கொடுங்கள். மீட்பு எண்ணாக யாருடைய போனைக் கொடுப்பது என்பதை அவரே யோசித்து முடிவு செய்யட்டும், நாளைக்கு அந்த எண் இல்லாவிட்டால் கணக்கே போய்விடும். விடுதலை நிபந்தனைகளில் இணையம், சமூக ஊடகம் குறித்துத் தடை இருக்கிறதா என்று அவரோடு உட்கார்ந்து வரிக்கு வரி படியுங்கள். தெரியாமல் மீறித் திரும்பி வருவதைவிட வேதனை வேறில்லை.

சான்றிதழில் சிறையின் பெயர் வரக் கூடாது. தேர்வு நடத்திய கல்வி நிறுவனத்தின் பெயர் போதும். இதைக் கடைசி வாரத்தில் கேட்டால் நடக்காது, பாடம் தொடங்கும்போதே அந்த நிறுவனத்தோடு பேசி வையுங்கள்.

வாசலில் கொடுக்கும் உறையில் சான்றிதழும் அதன் இரண்டு நகல்களும், அவர் தயாரித்த சுயவிவரக் குறிப்பின் அச்சுப் பிரதி, கற்றல் பதிவு, படிப்பைத் தொடரக்கூடிய நூலகம் அல்லது மையத்தின் முகவரி, சந்தேகம் வந்தால் அழைக்க ஒரு நபரின் எண் ஆகியவை இருக்கட்டும். கூடவே ஒரு சிறு அட்டை. அதில் மின்னஞ்சல் முகவரியை அவர் தன் கையாலேயே பெரிய எழுத்தில் எழுதியிருக்க வேண்டும். பாஸ்வேர்டை அதில் எழுத விடாதீர்கள்.